உலைக்குள் போன செம்பு

கோயம்புத்தூரில் இரும்புச் சுரங்கம் கிடையாது. நிலக்கரி கிடையாது. துறைமுகமும் பக்கத்தில் இல்லை. ஆனாலும் அந்த ஊர் பவுண்டரிகளில் நாள்தோறும் இரும்பு உருகி ஓடுகிறது. கிணற்றுப் பம்பு, மோட்டாரின் மேல்கூடு, நூல் மில் இயந்திரங்களின் பல்சக்கரம், வால்வு என்று எத்தனையோ பொருள்களை மணல் அச்சில் வார்த்து நாடு முழுவதற்கும் அனுப்புகிறார்கள். 1930-களில் பைகாரா நீர்மின்சாரம் வந்ததும் அங்கே பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளுக்கு உதிரி பாகம் வேண்டியிருந்தது. அதைச் செய்து கொடுக்கப் பட்டறைகள் வந்தன, பட்டறைகளுக்காக பவுண்டரிகள் வந்தன. அதெல்லாம் சரி, இரும்பு எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி நம்மிடமிருந்துதான். ஒடிந்த கட்டில், துருப்பிடித்த ஜன்னல் கம்பி, ஓட்ட முடியாமல் போன மிதிவண்டி, இடித்த வீட்டின் கம்பி எல்லாம் தெருமுனைப் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. அங்கே எடை போட்டு வாங்குகிறார்கள். அங்கிருந்து மொத்த வியாபாரிக்கு, மொத்த வியாபாரியிடமிருந்து லாரியில் உலைக்கு. சென்னைப் பக்கத்துக் கடைகளில் சேர்வதில் ஒரு பகுதி வடக்கே கும்மிடிப்பூண்டிக்குப் போய் மறுபடி கட்டடக் கம்பியாகிறது. கோவைப் பக்கம் சேர்வது பவுண்டரிக்குப் போகிறது. பழைய இரும்பு ஒரு கிலோவின் விலை குறைவு, எடையோ அதிகம். தூரம் கூடக்கூட லாரி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். அதனால்தான் ஒவ்வொரு வட்டாரத்தின் உலையும் முதலில் தன்னைச் சுற்றியுள்ள ஊர்களின் கடைகளைத் தேடுகிறது.

மண்ணில் இரும்புத் தாது இருக்கும்போது பழைய இரும்புக்கு ஏன் இத்தனை மதிப்பு? தாதுவில் இரும்பு தனியாக இருப்பதில்லை. ஆக்சிஜனோடு இறுகப் பிணைந்திருக்கிறது. ஹேமடைட் என்ற தாது கொஞ்சமும் மண் கலக்காமல் கிடைத்தால்கூட, 100 கிலோவில் 70 கிலோதான் இரும்பு, மீதி 30 கிலோ ஆக்சிஜன். அந்த ஆக்சிஜனைப் பிரித்தெடுப்பதுதான் இரும்பு ஆலையின் பெரும் வேலை. ஊதுலையில் சுட்ட நிலக்கரியின் கார்பன் அந்த ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு வாயுவாக வெளியேறுகிறது. அதற்கு எரிபொருள் மலை மலையாக வேண்டும். 1830-இல் ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாதுவைக் கொண்டுவந்து மரக்கரியால் காய்ச்சினார்கள். தாது தீரவில்லை. ஆனால் கரிக்கு மரம் கிடைப்பது வரவரக் கடினமாயிற்று. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆலை மூடப்பட்டது.

பழைய இரும்பில் இந்த வேலையை யாரோ எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள். ஆக்சிஜன் ஏற்கெனவே போய்விட்டது. இனி உருக்கினால் போதும். ஒரு டன் பழைய இரும்பைப் பயன்படுத்தினால் 1.4 டன் தாதுவும் 740 கிலோ நிலக்கரியும் 120 கிலோ சுண்ணாம்புக்கல்லும் மிச்சமாகும், 1.5 டன் கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்காமல் தவிர்க்கலாம் என்று உலக எஃகுச் சங்கம் கணக்கிட்டிருக்கிறது. துருவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். துரு என்பது இரும்பு மறுபடியும் ஆக்சிஜனோடு சேர்வது, அதாவது திரும்பத் தாதுவாக மாறுவது. மழையில் நனைந்து கிடக்கும் பழைய இரும்பு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் மதிப்பை இழக்கிறது.

எல்லாப் பழைய இரும்பும் நம் வீட்டிலிருந்து வருவதில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கார் ஆலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். கார்க் கதவை ஒரே தகட்டிலிருந்து அழுத்தி எடுக்கிறார்கள். கண்ணாடி வரவேண்டிய இடத்தில் தகட்டை வெட்டி நீக்க வேண்டும். விளிம்புகளையும் வெட்ட வேண்டும். அப்படி விழும் துண்டுகள் ஒரு நாள்கூட யாரிடமும் உழைக்காதவை, ஆனாலும் பழைய இரும்புதான். அவற்றை இயந்திரத்தில் அழுத்திப் பெட்டி பெட்டியாகக் கட்டுகிறார்கள். பவுண்டரிக்காரர்கள் இதைப் போட்டி போட்டு வாங்குவார்கள். என்ன எஃகு, அதில் என்ன கலந்திருக்கிறது என்பது ஆலையிலேயே தெரிந்த சரக்கு அல்லவா?

கார்த் தகட்டில் கார்பன் மிகமிகக் குறைவு, நூற்றில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பம்பு வார்க்கும் வார்ப்பிரும்புக்கோ நூற்றில் மூன்றரைப் பங்கு வரை கார்பன் வேண்டும். ஆகவே தகட்டை உருக்கும்போது கார்பன் தூளும் ஃபெரோசிலிக்கனும் அளந்து சேர்க்கிறார்கள். வயலில் தண்ணீர் இறைக்கும் பம்பின் உடலில், எங்கோ ஓடும் காரின் ஜன்னல் இருந்த இடத்துத் தகடு கலந்திருக்கலாம்.

லேத் பட்டறையில் கடையும்போது விழும் சுருள்களும் உலைக்குப் போகும். அவற்றை ஏற்றி அனுப்புவதுதான் பாடு. ஒரு லாரி நிறையச் சுருள் ஏற்றினால் அதில் முக்கால்வாசி காற்றுதான் இருக்கும். அதனால் நொறுக்கிக் கட்டியாக அழுத்தி அனுப்புகிறார்கள்.

இனி, கடைக்காரரின் அறிவியலைப் பார்ப்போம். அவரிடம் ஆய்வகம் கிடையாது. ஒரு காந்தம், ஒரு சுத்தியல், ஒரு சாணைக்கல், அவ்வளவுதான். ஆனால் இந்த மூன்றை வைத்துக்கொண்டு அவர் பிரித்துப் போடும் திறமையைக் கண்டால் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

முதலில் காந்தம். செம்பு, பித்தளை, அலுமினியம், ஈயம் எதுவும் ஒட்டாது. இரும்பும் சாதாரண எஃகும் ஒட்டும். வீட்டில் நீங்களும் செய்து பாருங்கள். சாப்பிடும் எவர்சில்வர் தட்டு சிலவற்றில் காந்தம் ஒட்டும், சிலவற்றில் ஒட்டாது. ஒட்டாத தட்டில் குரோமியத்தோடு நிக்கலும் கலந்திருக்கும். அந்தக் கலவையில் இரும்பு அணுக்கள் அடுக்கியிருக்கும் முறையே வேறு, காந்தத்துக்கு அது கட்டுப்படுவதில்லை. தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் போடும் மாங்கனீசு எஃகும் இப்படித்தான். பார்த்தால் சாதாரண இரும்பு, காந்தத்தில் ஒட்டவே ஒட்டாது.

அடுத்தது சுத்தியல். எஃகை அடித்தால் வளையும், கணீரென்று ஒலிக்கும். வார்ப்பிரும்பை அடித்தால் மந்தமாக ஒலிக்கும், இன்னும் ஓங்கி அடித்தால் உடைந்துவிடும். உடைந்த இடம் சாம்பல் நிறமாக இருக்கும். அந்த நிறம் உள்ளே மெல்லிய இதழ்களாகப் படிந்திருக்கும் கார்பனால் வருவது.

மூன்றாவதாகச் சாணைக்கல். சுழலும் கல்லில் இரும்பை வைத்தால் பொறி பறக்கும். சாதாரண எஃகின் பொறி நீளமாக, வெளிறிய மஞ்சளாகப் பறந்து அணையும். கார்பன் அதிகமுள்ள எஃகின் பொறி நுனியில் கிளை கிளையாக வெடிக்கும். ஏன் வெடிக்கிறது? பொறி என்பது காற்றில் எரியும் ஒரு துளி இரும்பு. அதிலுள்ள கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து வாயுவாகிறது. அந்த வாயு உள்ளிருந்து முட்டித் துளியைச் சிதறடிக்கிறது. வார்ப்பிரும்பின் பொறி குட்டையாகச் சிவந்திருக்கும். (சாணைக்கல் சோதனையைப் பெரியவர்கள் செய்ய, கண்ணாடி அணிந்து தள்ளி நின்று பாருங்கள். நீங்கள் செய்ய வேண்டாம்.)

இவ்வளவு பார்த்துப் பார்த்து ஏன் பிரிக்க வேண்டும்? 1,538 டிகிரி செல்சியசில் உருகும் இரும்போடு எல்லாவற்றையும் போட்டால் வேண்டாதது எரிந்துபோய்விடாதா? பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். நெருப்பு எல்லாவற்றையும் சுத்தமாக்கிவிடும் என்ற நம்பிக்கை நமக்கு ஆழமாக இருக்கிறது. உலையைப் பொறுத்தவரை அது பாதிதான் உண்மை.

இரும்போடு உலைக்குள் போகும் மற்ற உலோகங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. முதல் வழி புகை. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். கூரைத் தகட்டின் மேல் பூசியிருக்கும் துத்தநாகம் வெள்ளைப் புகையாக எழும்பிப் போகும். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும், ஆகவே அதை உறிஞ்சிப் பையில் பிடிக்க வேண்டும். பிடித்த தூசியிலிருந்து துத்தநாகத்தைத் திரும்ப எடுக்கவும் முடியும்.

இரண்டாவது வழி கசடு. அலுமினியம், சிலிக்கன் போன்றவற்றுக்கு ஆக்சிஜனோடு சேரும் வேட்கை இரும்பைவிட அதிகம். உருகிய இரும்பில் ஆக்சிஜன் பட்டதும் அவை முந்திக்கொண்டு அதைப் பிடித்து, இரும்பைவிட இலேசான ஆக்சைடாகி மேலே மிதக்கும். அதை வழித்து எடுத்துவிடலாம்.

மூன்றாவது வழியில் போகும் உலோகம் எங்கும் போவதில்லை, இரும்போடே தங்கிவிடுகிறது. செம்பும் வெள்ளீயமும் அப்படிப்பட்டவை. ஆக்சிஜன்மேல் அவற்றுக்கு இருக்கும் வேட்கை இரும்புக்கு இருப்பதைவிடக் குறைவு. உலைக்குள் எவ்வளவு ஆக்சிஜன் ஊதினாலும் முதலில் எரிவது இரும்புதான். செம்பை எரித்து வெளியேற்ற வேண்டுமானால் அதற்குள் இரும்பு முழுவதும் எரிந்து கசடாகிவிடும். செம்பு கொதித்து ஆவியாகவும் 2,500 டிகிரிக்கு மேல் வேண்டும், இரும்பு உலையில் அவ்வளவு சூடு கிடையாது. ஆகவே ஒருமுறை இரும்போடு உருகிக் கலந்த செம்பு கலந்ததுதான். குழம்பில் உப்பு கூடிவிட்டால் உப்பைத் திரும்ப எடுக்க முடியுமா? தண்ணீரும் காயும் சேர்த்துக் குழம்பைப் பெருக்கத்தான் முடியும். எஃகு ஆலைக்காரர்களும் அதையே செய்கிறார்கள். தாதுவிலிருந்து வந்த புது இரும்பைச் சேர்த்துச் செம்பின் பங்கைக் குறைக்கிறார்கள். அப்போது பழைய இரும்பால் மிச்சமான தாதுவும் கரியும் மறுபடி செலவாகின்றன.

செம்பு இருந்தால் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். அது தெரியவருவது உருக்கும்போது அல்ல, உருட்டும்போது. ரோலிங் மில்லில் எஃகுக் கட்டியை ஏறக்குறைய 1,100, 1,200 டிகிரிக்குச் சிவக்கச் சூடாக்கி, உருளைகளுக்கு நடுவே அழுத்திக் கம்பியாகவோ தகடாகவோ நீட்டுகிறார்கள். அந்தச் சூட்டில் மேற்பரப்பிலுள்ள இரும்பு காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து செதிலாகிறது. செம்பு சேராமல் செதிலுக்கு அடியில் தங்கிவிடுகிறது. செதில் தடிக்கத் தடிக்க அடியிலுள்ள செம்பும் கூடிக்கொண்டே போகும். செம்பு உருகும் வெப்பநிலை 1,085 டிகிரி, கட்டியோ அதைவிடச் சூடாக இருக்கிறது. உருகிய செம்பு எஃகுப் படிகங்களின் இடுக்குகளில் இறங்கி, ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. அடுத்த உருளை அழுத்தும்போது மேற்பரப்பு முழுவதும் விரிசல் விடும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். கட்டடக் கம்பி நூற்றில் 0.4 பங்கு வரை செம்பைத் தாங்கும். ஒரு டன்னுக்கு 4 கிலோ. கார்க் கதவுபோல ஆழமாக அழுத்தி எடுக்கும் தகட்டுக்கு 0.06 பங்குக்கு மேல் கூடாது. ஒரு டன்னுக்கு 600 கிராம்தான். ஒரு காரில் மின்கம்பியாகவும் மோட்டார்ச் சுருளாகவும் சுமார் 20 கிலோ செம்பு இருக்கிறது. அதில் 18 கிலோவைப் பிரித்து எடுத்துவிட்டு, இரண்டே இரண்டு கிலோவை மறந்துவிட்டால்கூட அந்த எஃகு மறுபடி கார்த் தகடாக முடியாது. கம்பியாகத்தான் போக வேண்டும்.

காந்தம் இதைத் தடுக்காதா? தனிச் செம்புக் கம்பியை அது விட்டுவிடும். ஆனால் மோட்டாரில் செம்புச் சுருள் இரும்பு மையத்தின்மேல் சுற்றியிருக்கிறது. காந்தம் மோட்டாரையே தூக்கும்போது செம்பும் கூடவே ஏறி உலைக்குள் போய்விடும். எந்திரத்துக்குத் தெரியாத இந்த இடத்தில் கைதான் வேலை செய்ய வேண்டும். நம் ஊர்க் கடைகளில் பழைய மின்விசிறியை, பம்பு மோட்டாரைத் தரையில் உட்கார்ந்து கழற்றிச் சுருளை உருவித் தனியே போடுகிறார்களே, அவர்கள் செய்வது எஃகு ஆலையின் தரக் கட்டுப்பாட்டு வேலை. செம்புக்கு இரும்பைவிடப் பல மடங்கு விலை என்பதால் அவர்கள் ஒரு துண்டையும் விடுவதில்லை. அந்த வேலைக்குக் கையுறையும் கண்ணாடியும் நல்ல கூலியும் கிடைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கம்பியின் மேல் உறையை நீக்க அதைக் கொளுத்துவது மட்டும் கூடவே கூடாது. அந்தப் புகை நஞ்சு. உறையை உரித்தெடுக்கக் கருவிகள் இருக்கின்றன.

இந்தியாவில் இது இன்னும் முக்கியம். இங்கே பழைய இரும்பை உருக்குவதில் பெரும்பகுதி இண்டக்‌ஷன் உலைகளில் நடக்கிறது. மின்காந்தத்தால் இரும்பையே நேராகச் சூடாக்கும் அருமையான உலை அது. ஆனால் உருக்குவதுதான் அதன் வேலை, சுத்திகரிப்பு மிகக் கொஞ்சம். உள்ளே போட்டதுதான் பெரும்பாலும் வெளியே வரும். கோவை பவுண்டரிகளுக்கு எதிரி வேறு. வார்ப்பிரும்பு கொஞ்சம் செம்பைப் பொறுத்துக்கொள்ளும், சில வார்ப்புகளில் வேண்டுமென்றே சேர்ப்பதும் உண்டு. அங்கே பயம் ஈயத்தைப் பற்றி. 100 கிலோ இரும்பில் ஐந்து கிராம் ஈயம் கலந்தாலே உள்ளே படியும் கார்பன் இதழ்களின் வடிவம் கெட்டு வார்ப்பு வலுவிழக்கும்.

இரும்போடு தங்கிவிடும் இன்னோர் உலோகம் கோபால்ட். அதனால் ஒரு பெரிய ஆபத்து நேர்ந்தது. 1983 இறுதியில் மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரில் ஒரு பழைய புற்றுநோய்ச் சிகிச்சை இயந்திரம் பழைய இரும்பாக விற்கப்பட்டது. அதற்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் ஆயிரக்கணக்கான சிறு மணிகளாக இருந்தது. அவை மற்ற இரும்போடு உலைக்குப் போயின. புகையாகப் போகவில்லை, கசடிலும் ஏறவில்லை. எஃகில் கலந்து கட்டடக் கம்பியாகவும் மேசைக் கால்களாகவும் விலைக்கு வந்தன. யாருக்கும் தெரியவில்லை. 1984 ஜனவரியில் அந்தக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று அமெரிக்காவில் வழி தவறி, லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்தின் பக்கம் போயிற்று. அங்கே பொருத்தியிருந்த கதிர்வீச்சுக் கருவி ஒலித்தது. அப்போதுதான் விஷயம் வெளிவந்தது. மெக்சிகோவில் அந்தக் கம்பி போட்டுக் கட்டிய வீடுகளை இடிக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் 2010-இல் டெல்லி மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட்-60 உள்ள ஒரு கருவியைப் பிரித்ததில் ஒருவர் உயிரிழந்தார், பலர் நோயுற்றார்கள். துறைமுகங்களிலும் பெரிய எஃகு ஆலைகளின் வாசலிலும் கதிர்வீச்சு அளக்கும் வாயில்கள் இன்று நிற்பதற்கு இதுபோன்ற நிகழ்ச்சிகளே காரணம்.

மூடிய குழாயையும் எரிவாயு உருளையையும் உலைக்காரர் ஏற்றுக்கொள்ள மாட்டார். உள்ளே கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தாலும் அது உருகிய இரும்புக்குள் போனதும் நீராவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் விரியும். உலை வெடித்து இரும்பை வாரி இறைத்துவிடும். மழைக்காலத்தில் நனைந்த இரும்பை நேரே போடாமல் உலர்த்திப் போடுவதும் இதனால்தான்.

இத்தனை கடைகள் இருந்தும் நம் நாட்டுப் பழைய இரும்பு நமக்குப் போதவில்லை. 2019-இல் இந்திய அரசு வெளியிட்ட பழைய எஃகு மறுசுழற்சிக் கொள்கை, உள்நாட்டில் கிடைப்பது ஆண்டுக்கு 2.5 கோடி டன் என்றும் வெளிநாட்டிலிருந்து வருவது 70 லட்சம் டன் என்றும் சொல்கிறது. அந்த ஆண்டு நாடு செய்த எஃகு சுமார் 11 கோடி டன். சேகரிப்பதில் நாம் மோசம் என்று இதற்குப் பொருள் இல்லை. இரும்பு ஒருமுறை பொருளாகிவிட்டால் அந்தப் பொருளின் ஆயுள் முடிந்தால்தான் கடைக்கு வரும். தகர டப்பா சில மாதங்களில் வரும். கார் பதினைந்து, இருபது ஆண்டில் வரும். பாலமும் கட்டடமும் ஐம்பது ஆண்டானாலும் வராது. அமெரிக்கா நூறாண்டுக்கு மேலாக எஃகைக் குவித்துவைத்த நாடு, அதன் பழைய பாலங்களும் கார்களும் இப்போது வரிசையாக ஓய்வு பெறுகின்றன. அங்கே எஃகில் நூற்றுக்கு எழுபது பங்கு, மின்சாரத்தால் உருக்கும் மின்வில் உலைகளில், பெரும்பாலும் பழைய இரும்பிலிருந்து வருகிறது. நம் எஃகின் பெரும்பகுதியோ சென்ற இருபது, முப்பது ஆண்டுகளில் எழுந்த கட்டடங்களுக்குள் இருக்கிறது. உங்கள் பள்ளிக்கூடத்தின் தூணுக்குள் இருக்கும் கம்பி நீங்கள் பாட்டி தாத்தா ஆகும்போதுதான் உலைக்குத் திரும்பும்.

கடலும் நமக்குப் பழைய இரும்பு தருகிறது. குஜராத்தில் காம்பாத் வளைகுடாக் கரையிலுள்ள ஆலங்கில் 1983 முதல் கப்பல்களை உடைத்துப் பிரிக்கிறார்கள். அங்கே கடல் ஏற்றம் மிக அதிகம். ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது கப்பலைக் கரையை நோக்கி ஓட்டி ஏற்றிவிடுகிறார்கள், தண்ணீர் வடிந்ததும் கப்பல் சேற்றில் நின்றுவிடும். கப்பலின் தகடுகள் தடிமனும் சுத்தமும் உள்ளவை. அவற்றில் பலவற்றை உருக்கவே வேண்டாம். பட்டையாக வெட்டி, சூடாக்கி, நேரே உருளையில் விட்டுக் கம்பியாக்கிவிடுகிறார்கள். உருக்கும் செலவும் மிச்சம்.

பழைய வண்டிகளை முறையாகப் பிரிப்பதற்கான திட்டம் 2021-இல் வந்தது. அரசிடம் பதிவு பெற்ற மையங்களில் வேலை ஒரு வரிசைப்படி நடக்கிறது. முதலில் மின்கலத்தைக் கழற்றுவார்கள், அதில் ஈயம் இருக்கிறது. பிறகு எரிபொருளையும் எண்ணெயையும் வடிப்பார்கள். டயர், இருக்கை, கண்ணாடி தனியே போகும். மின்கம்பிக் கட்டை முழுதாக உருவி, ஸ்டார்ட்டர் மோட்டாரையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றி வைப்பார்கள். எஞ்சிய வெறும் கூடுதான் கடைசியில் அழுத்தும் இயந்திரத்துக்குள் போகும்.